பிளேயர் பார்க்கப் போகும்போது உங்கள் கார்டை எடுத்துப் போங்கள்

சேலையில் பாக்கெட் கிடையாது. கையடக்க மியூசிக் பிளேயர்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் "சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கேள்வியே அங்கேதான் ஆரம்பிக்கிறது. முந்தானையைத் தோளில் சேர்த்துக் குத்தும் ஊக்குக்குப் பக்கத்தில் அது நிற்க வேண்டும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் நழுவக் கூடாது. இயர்போன் ஒயர் காதுக்கும் தோளுக்கும் நடுவிலேயே முடிந்துவிட வேண்டும். இடுப்புவரை தொங்கினால் பக்கத்தில் நிற்பவரின் டிபன் பையில் மாட்டும், அவர் இறங்கும் அவசரத்தில் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். அதனால் எடையும் கிளிப்பும்தான் நான் முதலில் பார்ப்பவை. சிப், கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) எல்லாம் அதற்கு அப்புறம்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நின்று நின்று போகும் பஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே அளவு. அந்த நேரம் முழுக்க நான் கேட்பது பெரும்பாலும் நாகஸ்வரம். எங்கள் பெரியப்பா கோயில் திருவிழாக்களுக்கெல்லாம் போய், மண்டபத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்த கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. டெக்கிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர் போட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒவ்வொன்றாக ஏற்றி, ராகம் ராகமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியோடு கோயில் மணியும் கேட்கும், எங்கேயோ ஒரு குழந்தை அழுவதும் கேட்கும். இதையெல்லாம் எந்த ஸ்ட்ரீமிங் செயலியிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. என்னிடம் இருந்தால்தான் உண்டு.

"அத்தை, போன்லயே போட்டுக் கேட்கலாமே" என்று அண்ணன் மகன் கேட்டான். கேட்கலாம். ஆனால் ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது கடன் வேண்டுமா என்று அழைப்பு வரும். சாயங்காலம் வீடு திரும்பும்போது போனில் சார்ஜ் இருந்தாக வேண்டும். இப்போது வரும் பல போன்களில் இயர்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளையும் இல்லை. பாட்டுக்கென்று தனியாக ஒரு பொருள் இருப்பது எனக்குத் தேவை. அதற்கு மேல் அவனிடம் வாதாடவில்லை.

பல வருடமாக என் தோளில் இருந்தது சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ். 2009இல் வந்த மாடல். தீப்பெட்டி அளவு இருக்கும். முதுகில் கிளிப், பக்கத்தில் மைக்ரோ எஸ்டி கார்டுக்கு ஒரு துளை, உள்ளே எஃப்எம் ரேடியோ, குரல் பதியும் வசதி. எம்பி3 மட்டுமில்லாமல், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பும் பாடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிஜப் பொத்தான்கள். நடுவில் ஒரு சதுரம், சுற்றி நான்கு பக்கமும் அழுத்தும் இடம். கண்ணால் பார்க்காமல் கட்டை விரலாலேயே அடுத்த பாட்டுக்குப் போகலாம், நிறுத்தலாம். அதில் ராக்பாக்ஸ் போட்டிருந்தேன். 2001இல் தொடங்கி, தன்னார்வலர்கள் கூடிச் செய்யும் இலவச மென்பொருள் அது. பழைய பிளேயர்களில் கம்பெனி கொடுத்த மென்பொருளுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளலாம். லித்தியம் பேட்டரி எதுவானாலும் வயதாகும், இதிலும் ஆனது. தஞ்சாவூர் போய்ச் சேரும் முன்பே அணையத் தொடங்கியது. இந்த மாடல் இப்போது உற்பத்தியில் இல்லை. சரி, புதிதாக ஒன்று பார்ப்போம் என்று தேட ஆரம்பித்தேன்.

தேடியபோது எத்தனை கதவுகள் மூடியிருக்கின்றன என்று தெரிந்தது. ஆப்பிள் கம்பெனி ஐபாட் ஷஃபிள், நானோ இரண்டையும் 2017 ஜூலையில் நிறுத்தியது. கடைசியாக இருந்த ஐபாட் டச்சும் 2022 மே மாதத்தோடு முடிந்தது. ஷஃபிளில் திரை கிடையாது, ஆனால் கிளிப் வைத்த வடிவம் அது. இப்போதும் யாராவது அதைத் தயாரித்தால் வாங்க ஆள் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். சோனி மட்டும் வாக்மேன் என்ற பெயரை விடாமல் வைத்திருக்கிறது. மற்றபடி இந்தச் சந்தையை உயிரோடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஃபியோ, ஷான்லிங், ஹைபி போன்ற சீன நிறுவனங்கள்தான்.

இன்று கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். ஒன்று, உள்ளே ஆண்ட்ராய்டு ஓடும் பிளேயர். 2023இல் வந்த சோனி என்டபிள்யூ ஏ306 இதற்கு உதாரணம். 3.6 அங்குலத் தொடுதிரை, 113 கிராம் எடை. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளும் போட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டில் பொத்தான்கள் இருப்பது பெரிய நிம்மதி. ஆனால் 113 கிராமை முந்தானையில் கவ்வ வைக்க முடியாது, துணி தொங்கிவிடும். விலையும் நான் வைத்திருந்த பத்தாயிரத்தை நன்றாகவே தாண்டியது.

இரண்டாவது, கம்பெனியே எழுதிய சின்ன மென்பொருளில் ஓடும் பிளேயர். ஷான்லிங் எம்0 புரோ இந்த வகை. 40 கிராமுக்கும் குறைவு, உள்ளங்கையில் மறைந்துவிடும் சதுரம். பாட்டெல்லாம் கார்டில்தான் இருக்க வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு அழகான சக்கரம் உண்டு. அடுத்த பாட்டுக்கென்று தனிப் பொத்தான் கிடையாது, மீதி வேலையெல்லாம் தொடுதிரையில். மேசையில் வைத்துக் கேட்பவருக்கு அருமையான பொருள். தோளில் மாட்டிக்கொண்டு, பார்க்காமல் தடவி இயக்குகிறவளுக்கு அது ஒத்துவராது. ஃபியோவின் ஸ்னோஸ்கை எக்கோ மினி பழைய கேசட் மாதிரியான தோற்றத்தில் வருகிறது; தொடுதிரை இல்லாமல் எல்லாமே பொத்தான். விலையும் கைக்கு எட்டுகிறது. இளைஞர்கள் அதைத் தேடி வாங்குவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

இந்த இரண்டு வகைக்கும் வெளியே, பெயரே இல்லாத மலிவு பிளேயர்கள் ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. குழந்தைக்குப் பாட்டு போட்டுக் கொடுக்க என்றால் வாங்கலாம். ஒரு மணி நேர ஆலாபனை கேட்பவர்களுக்கு வேண்டாம்.

விவரப் பட்டியலைப் படித்து பிளேயர் வாங்க முடியாது. நான் சொல்ல வந்ததே இதுதான். பட்டியலில் இருப்பதெல்லாம் வன்பொருள். இன்றைக்கு ஐந்தாயிரம் ரூபாய் பிளேயரில்கூட ஒலி நன்றாகவே இருக்கிறது. அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. தினமும் நம்மைச் சோதிப்பது மென்பொருள். கோப்பை எந்த வரிசையில் காட்டுகிறது, விட்ட இடத்தை நினைவில் வைக்கிறதா, பெயரைச் சரியாக எழுதுகிறதா என்பதெல்லாம் பெட்டியில் அச்சடித்திருக்காது. கையில் எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்காக ஒரு 32 ஜிபி கார்டைச் சோதனைக் கார்டாகவே தயார் செய்து வைத்துக்கொண்டேன். சென்னைக்குப் போனபோது கடையில் அதையும் என் சொந்த இயர்போனையும் கொண்டுபோனேன். "இதுலயே டெமோ பாட்டு இருக்கு மேடம்" என்று கடைப் பையன் சொன்னான். "இருக்கட்டும் தம்பி, என் பாட்டு இதுல எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றேன். மறுப்பு சொல்லாமல் கார்டைப் போட்டுக் கொடுத்தான். ஆன்லைனில் வாங்குபவர்கள், திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும் நாட்களுக்குள் இதே வேலையைச் செய்யலாம்.

அந்தக் கார்டில் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில், இடைவெளி இல்லாமல் தொடர வேண்டிய இரண்டு கோப்புகள். ஒரே கச்சேரியில் ஆலாபனை ஒரு கோப்பு, அதைத் தொடரும் கீர்த்தனை அடுத்த கோப்பு. நாகஸ்வரத்துக்குப் பின்னால், சுருதி பிடிக்கும் ஒத்து என்ற குழல் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆலாபனை முடிந்து வாசிப்பவர் மூச்சு வாங்கும் அந்தச் சில நொடிகளில் காதில் இருப்பது ஒத்து மட்டும்தான். சரியாக அந்த இடத்தில் பிளேயர் ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறந்தால், சுருதி அறுந்து மறுபடி ஒட்டும். சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எப்படியும் அமைதிதான். எங்களுக்கு இது பெரிய குறை. எம்பி3 வடிவத்தின் அமைப்பே இதற்குக் காரணம். ஒலியை அது 1152 ஒலி அளவீடுகள் கொண்ட துண்டுகளாகத்தான் அடுக்கும், சிடி தரத்தில் ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லி விநாடி. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் வெறுமையைப் போட்டு நிரப்பிவிடும், தொடக்கத்திலும் கொஞ்சம் வெறுமை சேரும். எம்பி3 ஆக்கித் தரும் லேம் போன்ற மென்பொருள்கள் எவ்வளவு வெறுமை சேர்ந்தது என்பதைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே குறித்து வைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படித்து வெட்டிவிடும் பிளேயரில் ஒத்து அறுபடாது. ஃபிளாக் கோப்பில் இந்த வெறுமை சேர்வதில்லை. அதிலும் இடைவெளி விழுந்தால், அடுத்த கோப்பை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ள அந்த பிளேயருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, வேண்டுமென்றே தலைகீழாகக் காப்பி செய்த ஒரு ஃபோல்டர். பத்தாவது பாட்டை முதலில், ஒன்றாவதைக் கடைசியில். கார்டில் கோப்புகளைப் பதிந்து வைக்கும் ஃபேட் முறையில் கோப்புகளின் பெயர்கள் எழுதப்பட்ட வரிசையிலேயே பதிவாகும். கணினி நமக்குக் காட்டும்போது அகர வரிசைப்படி அடுக்கிக் காட்டிவிடுவதால் இது கண்ணில் படாது. எளிய பிளேயர்கள் அடுக்காமல் அப்படியே பாடும். கச்சேரி மங்களத்தில் ஆரம்பித்து மல்லாரியில் முடியும். அப்படிப்பட்ட பிளேயர் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கார்டைத் துடைத்துவிட்டு, ஒன்றிலிருந்து வரிசையாகக் காப்பி செய்தால் சரியாகிவிடும். கார்டில் இருக்கும் பெயர்ப் பதிவை அடுக்கிக் கொடுக்கும் இலவச மென்பொருள்களும் உண்டு.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரே கோப்பு. இதைப் பாதியில் நிறுத்தி, பிளேயரை முழுவதுமாக அணைத்து, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். விட்ட நொடியிலிருந்து தொடர்ந்தால் நல்லது. கோப்பின் தொடக்கத்துக்குப் போய்விட்டால், பாபநாசம் தாண்டும்போது அணைத்த ஆலாபனையைச் சாயங்காலம் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான். முன்னால் நகர்த்தும் வேகத்தையும் பாருங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் போகப் போக வேகம் கூட வேண்டும். ஒரே சீரான வேகத்தில் ஊர்ந்தால் ஐம்பதாவது நிமிடத்துக்குப் போவதற்குள் விரல் வலிக்கும்.

மிக மெல்லிய பகுதி ஒன்று. எனக்கு அது ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியின் தொடக்கம், தம்புரா மட்டும் ஒலிக்கும் இடம். கேசட்டிலிருந்து ஏற்றியது இதற்கு உதவாது, அதிலேயே நாடா இரைச்சல் இருக்கும். சிடியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். வீட்டில் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒலியைக் குறைத்துக் கேட்டால், பிளேயர் தானாகப் போடும் உஸ்ஸென்ற இரைச்சல் இருக்கிறதா என்று தெரியும். காதுக்குள் பொருந்தும் இயர்போன்களில் சில சின்ன மின்சாரத்துக்கும் பலமாக ஒலிப்பவை. அவற்றில்தான் இந்த இரைச்சல் வெளிப்படும். அதே நேரத்தில் ஒலி அளவின் கீழ்ப்படிகளையும் சோதியுங்கள். முதல் படியே சத்தமாக இருக்கும் பிளேயரை ராத்திரியில் பயன்படுத்த முடியாது.

அப்புறம் தவில். வலந்தலை என்ற வலப்பக்கத்தில் விரல் கூடு விழும் சத்தம் கூர்மையாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொப்பி என்ற மறுபக்கத்தில் குச்சி விழும்போது அடிச்சத்தம் மழுங்காமல் வர வேண்டும். வேகமான தீர்மானத்தில், அதாவது தாளத்தை முடிக்கும் சொற்கட்டில், இரண்டும் கலந்து ஒரே இரைச்சலாகிவிட்டால், இயர்போனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அடுத்துதான் பிளேயரை. செலவழிக்கக் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் இயர்போனில் போடுங்கள் என்றுதான் நான் யாருக்கும் சொல்வேன். ஒற்றை டைனமிக் டிரைவர் (உள்ளே ஒலியெழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) உள்ள, 16 அல்லது 32 ஓம் மின்தடை கொண்ட இயர்போன் எந்தச் சின்ன பிளேயரோடும் ஒத்துப்போகும். பல டிரைவர்கள் உள்ளதை வாங்கினால் பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஒலி வெளிவரும் பக்கத்து மின்தடை, எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருக்கும்; இயர்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலையில்லை.

கடைசியாக, ராகங்களின் பெயரைத் தமிழில் எழுதிய கோப்புகள். என்னை மிகவும் வருத்தியது இந்தச் சோதனைதான்.

ஆண்ட்ராய்டு பிளேயர்களில் தமிழ் அழகாக, பிழையில்லாமல் வருகிறது. சொந்த மென்பொருளில் ஓடும் சின்ன பிளேயர்களில் நான் போட்டுப் பார்த்தவை சில வெறும் கட்டங்களைக் காட்டின. சிலவற்றில் எழுத்து வந்தது, ஆனால் தவறாக வந்தது. 'பைரவி' என்று எழுதிய கோப்பு திரையில் 'பரைவி' என்று தெரிந்தது. 'கேதாரம்' என்று எழுதியது 'கதோரம்' ஆகியிருந்தது. ஏன் இப்படி என்று அண்ணன் மகனைக் கேட்டேன். அவன் கணினித் துறையில் இருப்பவன். ஒரு தாளில் எழுதிக் காட்டினான். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'கே' என்பது முதலில் 'க', அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யாத பிளேயர், வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. 'க' நிற்கிறது, அடுத்து இரட்டைக் கொம்பு, அடுத்து 'த', அடுத்து கால். கொம்பும் காலும் 'த'வின் இரு பக்கமும் வந்து உட்கார்ந்து அதை 'தோ' ஆக்கிவிடுகின்றன. 'பைரவி'யில் ஐகாரச் சுழி 'ர'வுக்கு முன்னால் போய் நிற்பதும் இப்படித்தான்.

தமிழுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை இது. மலையாளத்தையும் இந்தியையும் இப்படித்தான் சிதைத்துக் காட்டும். சரி செய்வது முடியாத காரியமும் இல்லை. எழுத்துகளை முறைப்படி அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டும் ஃபயர்ஃபாக்ஸும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. சின்ன பிளேயரின் சிப்பில் நினைவகம் குறைவு, முழுவதையும் ஏற்ற இடம் இருக்காது என்று அண்ணன் மகன் சொன்னான். இருக்கலாம். ஆனால் தமிழுக்கு வேண்டியது, எழுத்துக்கு இடப்பக்கம் வரும் மூன்று குறிகளை முன்னால் நகர்த்துவதும், ஒகர ஓகார ஔகாரங்களை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வைப்பதும், உகர ஊகார வடிவங்களும்தான். ஒரு பொறியாளர் மனது வைத்தால் அடங்கிவிடும் வேலை இது. சீன, ஜப்பானிய எழுத்துகள் ஆயிரக்கணக்கில் உள்ளே இருக்கும் அதே கருவியில் நம் எழுத்துக்கு இடமில்லை என்பதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

பெட்டிகளில் பெரிய எழுத்தில் போடும் விஷயத்துக்கும் வருகிறேன். டிஎஸ்டி, 384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட், ஹை ரெஸ் தங்க முத்திரை. எல்லாம் சிடியைவிட நுணுக்கமான ஒலி என்று சொல்லும் குறிகள். சிடியின் தரம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். நல்ல காதுள்ள இளைஞருக்கே 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, சிடி அதை முழுவதும் அடக்கிவிடுகிறது. பெரியப்பாவின் கேசட்டில் அதில் முக்கால்வாசிகூட இருக்காது. அதனால் இந்த எண்களுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. கேசட்டுகளை நான் மூலப் பிரதியாக ஃபிளாக்கில் வைத்திருக்கிறேன், கார்டில் போடுவது எம்பி3. 320 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி ஆகும். 64 ஜிபி கார்டில் நானூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். சிடியை ஃபிளாக்காக எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 300 எம்பி, அதுவும் இருநூறு மணி நேரம். பஸ் பயணத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கார்டு வாங்குவதில் மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பாதி விலைக்கு 128 ஜிபி என்று ஒன்று வாங்கினேன். கணினியில் செருகினால் 128 என்றுதான் காட்டியது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்தேன்; எட்டு ஜிபிக்கு மேல் எழுதிய எதுவும் திரும்பி வரவில்லை. உள்ளே இருப்பது எட்டுதான், 128 என்று பொய் சொல்லும்படி மாற்றி எழுதியிருக்கிறார்கள். பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். இந்தச் சோதனை சில மணி நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். புதுக் கார்டு எதுவானாலும் இதைச் செய்யாமல் பாட்டு ஏற்றாதீர்கள். இன்னொன்று: "32 ஜிபி வரை" என்று எழுதியிருக்கும் பழைய பிளேயர்கள் பலவற்றில், 64 ஜிபி கார்டை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து போட்டால் வேலை செய்யும். 32 ஜிபிக்கு மேல் வரும் கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறையில் வருவதுதான் சிக்கலே தவிர, அளவு சிக்கல் இல்லை.

எஃப்எம் ரேடியோ பற்றி ஒரு வார்த்தை. புது பிளேயர்களில் இது அருகி வருகிறது, எனக்கு அது பெரிய இழப்பு. காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வானொலிதான் கேட்பேன். ஒயர் இயர்போனே ஆண்டெனாவாக வேலை செய்வதால் தனியாக எதுவும் நீட்ட வேண்டாம். எஃப்எம் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு பிளேயர் சமமாக வந்து நின்றால் உள்ளதை எடுங்கள்.

ப்ளூடூத் இன்று பெரும்பாலானவற்றில் இருக்கிறது. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. காதில் இருப்பதற்கும் சார்ஜ் போட வேண்டும், கூட்டமான பஸ்ஸில் ஒன்று கழன்று விழுந்தால் தேடவே முடியாது. ஒயரில் விழுந்தாலும் தோளிலேயே தொங்கும்.

சரி, என்ன வாங்கினேன்? சொந்த மென்பொருளில் ஓடும், பொத்தான் வைத்த, ஐம்பது கிராம் அளவிலான ஒன்று. கார்டுத் துளை, 3.5 துளை, டைப் சி சார்ஜ். இடைவெளிச் சோதனையிலும், விட்ட இடத்தில் தொடரும் சோதனையிலும் தேறியது. தமிழ்ச் சோதனையில் மட்டும் தேறவில்லை. மாடல் பெயரை எழுதாமல் விடுகிறேன். இந்த மாடல்கள் வருவதும் போவதும் வேகமாக நடக்கிறது. என் சேகரிப்புக்குப் பொருந்தியது உங்கள் சேகரிப்புக்குப் பொருந்தும் என்றும் இல்லை. கிளிப் இல்லாமல்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பை தைத்துக் கொடுக்கும் அண்ணன், மெல்லிய தோலில் ஒரு உறை தைத்து, பின்னால் இரும்புக் கவ்வி வைத்துக் கொடுத்தார். பொத்தான் இருக்கும் இடங்களில் தோலை வெட்டாமல், அழுத்தினால் விரலுக்குத் தெரியும்படி உள்பக்கம் மெலிதாகச் சீவிவிட்டிருந்தார். நான் கேட்காமல் அவராகவே யோசித்துச் செய்தது. "கண்ணால பாக்காம அமுக்கணும்னீங்களேம்மா" என்றார்.

பழைய கிளிப் பிளஸ்ஸையும் விடவில்லை. போன் பழுது பார்க்கும் கடையில் கிட்டத்தட்ட அதே அளவு பேட்டரி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். அது இப்போது பெரியப்பாவிடம் இருக்கிறது. பாட்டு மாற்றும் பொத்தானை விரல் தேடிக் கண்டுபிடித்துவிடுவதால் அவருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை. அவர் பதிந்ததை அவரே காதில் கேட்டுக்கொண்டு, "இது திருச்சேறை உற்சவம்" என்று பெயரைப் பார்க்காமலே சொல்கிறார்.

தமிழ் விஷயத்துக்காக நான் வாங்கிய பிளேயரின் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். 'பைரவி' எப்படித் தெரிய வேண்டும், எப்படித் தெரிகிறது என்று இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினேன். சின்ன பிளேயர் வாங்கும் தமிழர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிய ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) விடும்போது எந்த மொழியைச் சேர்ப்பது என்று அவர்கள் முடிவெடுப்பது வந்த கடிதங்களை வைத்துத்தான் இருக்க முடியும். கேட்காமல் யாரும் தரப் போவதில்லை.

அதுவரை கார்டில் ராகப் பெயர்களை ஆங்கில எழுத்தில், முன்னால் இரண்டு இலக்க எண் போட்டு வைத்திருக்கிறேன். மனதுக்குப் பிடித்துச் செய்யவில்லை, ஆனால் 'பரைவி' என்று பார்ப்பதற்கு இது மேல். கணினியில் இருக்கும் மூலப் பிரதிகளில் மட்டும் கைவைக்கவில்லை. அங்கே எம்பி3டேக் மென்பொருளில் ராகம், கோயில், ஊர், வாசித்தவர், பெரியப்பா கேசட் உறையில் எழுதி வைத்த தேதி என்று எல்லாமே தமிழில் இருக்கின்றன. பிளேயரில் தமிழ் சரியாக வந்துவிட்டால், கார்டைத் துடைத்துவிட்டு, அவற்றிலிருந்து புதிதாக எம்பி3 எடுத்து ஒன்றிலிருந்து வரிசையாகக் காப்பி செய்தால் போதும்.